அலமாரியின் கீழ்த்தட்டு

தையல்காரிக்கு ஒன்பதாம் மாதம். முதல் இரண்டும் தங்காமல் போனதால், இந்த முறை பிள்ளைக்கான சட்டைகளைத் தானே தைத்து, துவைத்து, அலமாரியின் கீழ்த்தட்டில் அடுக்கி வைத்தாள். மறுநாள் காலையில் மேலே இருந்த சட்டையின் கழுத்தில் பால் கக்கிய கறை இருந்தது. முகர்ந்து பார்த்தாள். தாய்ப்பால் புளித்த வாசனை.

பேருந்து ஓட்டும் கணவனிடம் காட்டினாள்.

"வீட்ல கைக்குழந்தையே இல்ல. யாரு கக்குனா?" என்றான்.

"நம்ம வாண்டுதாங்க. அப்பா மாதிரியே அளவு தெரியாம சாப்பிட்டிருக்கு" என்று சிரித்தாள்.

அதன்பின் தினமும் ஒரு சட்டை அழுக்காகியிருந்தது. அவளுக்குப் பயமே இல்லை. துவைத்துக் காயப்போட்டாள். இந்தப் பிள்ளை தங்கிவிடும் என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் வாய்விட்டுச் சொன்னாள். அவனுக்கும் மெல்ல நம்பிக்கை வந்தது. அவள் எழுந்திருப்பதற்கு முன்பே போய் அலமாரியைத் திறந்து பார்ப்பான்.

ஒரு காலையில் எல்லாச் சட்டைகளும் மடிப்புக் கலையாமல் சுத்தமாக இருந்தன. அவன் ஒவ்வொரு சட்டையின் கழுத்தையும் தொட்டுப் பார்த்தான். அடுக்களைக்குப் போய்ப் பாலில் விரலை நனைத்து, மேல் சட்டையின் கழுத்தில் தடவிவிட்டு, ஒன்றும் தெரியாதவன் போல வந்து உட்கார்ந்தான்.

அவள் வயிற்றைத் தாங்கியபடி எழுந்து வந்தாள். சட்டையை எடுத்து முகர்ந்தாள். வெகுநேரம் அதை முகத்திலிருந்து எடுக்கவில்லை.

"இது கடைப்பாலுங்க" என்றாள். "ராத்திரியிலேருந்து உள்ள அசைவே இல்ல."