கண்ணாடிக்கு இந்தப் பக்கம்

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆறு பெண்கள். இந்தப் பக்கம், இருட்டில், விளம்பர நிறுவனத்தின் தலைவரும் பாத்திரம் தேய்க்கும் சோப்பு முதலாளியும். இங்கிருந்து எல்லாம் தெரியும். அங்கிருந்து பார்த்தால் அது வெறும் நிலைக்கண்ணாடி.

ஆறாவது பெண்ணைப் பார்த்ததும் தலைவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அவருடைய மனைவி!

ஆபீஸில் யாருக்கும் அவள் முகம் தெரியாது. ஒரு நாளும் கூட்டி வந்ததில்லை.

விளம்பரத்தைப் போட்டுக் காட்டிக் கருத்துக் கேட்கும் கூட்டம் அது. நிறுவனத்து ஆட்களின் சொந்தக்காரர்கள் அதில் உட்காரக் கூடாது என்பது தலைவரே போட்ட சட்டம். போன வருஷம் தன் நாத்தனாரை உட்காரவைத்த ஒரு ஆபீஸ் பெண்ணின் சீட்டைக் கிழித்து அனுப்பியவரும் அவர்தான்.

இப்போது வாயைத் திறந்தால் கூட்டம் கலையும். முதலாளியும் கைநழுவிப் போவார்.

வாயை மூடிக்கொண்டார்.

"என்ன சார், இப்படி வேர்க்குது?"

"ஏசி சரியில்ல போல."

அந்தப் பக்கம் படம் ஓடியது. அதில் ஒரு மனைவி சோபாவில் கால் நீட்டிப் பேப்பர் படிக்கிறாள். கணவன் சட்டைக் கையை மடித்துவிட்டுப் பாத்திரம் தேய்க்கிறான். 'இன்னிக்கு நான் கழுவறேன்' என்று சிரிக்கிறான். தலைவரே எழுதிய வரி.

பெண்களும் சிரித்தார்கள். வேறு மாதிரி.

"இது எந்த உலகத்துல நடக்குது?"

"எங்க வீட்டுல குடிச்ச டம்ளரை எடுத்து வைக்கறதுக்கே தொண்டை கிழியக் கத்தணும்!"

"விக்கறதுக்காக என்ன வேணா அளப்பாங்க."

முதலாளியின் முகம் சுருங்கியது. "சுவத்துல விளம்பரம் எழுதி இந்த நாற்காலிக்கு வந்தவன் நான், ஒரு வரிகூட பொய் எழுதினதில்லைன்னு மேடைக்கு மேடை பேசுவீங்களே சார்? பச்சைப் பொய்ங்கறாங்க! நான் வேற ஆளைத்தான் பார்க்கணும் போல."



அப்போது ஆறாவது பெண் பேசினாள். "ஏங்க, அப்படி ஆம்பளைங்களே இல்லாமலா போயிட்டாங்க? எங்க வீட்டுக்காரர் இப்படித்தான்."

"நிஜமாவா?"

"நான் சாப்பிட்டுக் கை கழுவறதுக்குள்ள பாதிப் பாத்திரம் தேய்ச்சிருப்பார். குக்கர் அடிப்பிடிச்சாலும் ஒரு வார்த்தை முணுமுணுக்க மாட்டார். தண்ணி ஊத்தி ஊறவச்சிட்டு, 'நீ போய்ப் படும்மா, காலெல்லாம் வீங்கியிருக்கு'ம்பார்."

சிரிப்பு நின்றது.

"கொடுத்து வச்ச மகராசி!" என்றாள் ஒருத்தி.

"இந்த சோப்பை வாங்கிட்டுப் போய் எங்க வீட்டு மனுஷன் கையில கொடுத்துப் பார்க்கறேன். கெட்டா போயிடும்?" என்றாள் இன்னொருத்தி.

முதலாளி துள்ளி எழுந்தார். "படம் ஓகே சார்! ஆனா நடிகர் வேண்டாம். அந்தம்மா வீட்டுக்காரரையே பிடிச்சு நடிக்க வைங்க. உண்மையான மனுஷன்! அதானே உங்க கொள்கை?"

தலைவர் தலையை ஆட்டிவைத்தார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் நேரே சமையலறைக்குப் போனார். அவள் வளையலை மேலே தள்ளிவிட்டுப் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ எப்படி அங்க வந்தே?"

"எதிர்வீட்டு அக்கா, ஒரு ஆள் குறையுதுன்னு இழுத்துட்டுப் போனாங்க. படம் போட்டதும்தான் உங்க கைவேலைன்னு புரிஞ்சுது. ஒரு வாரமா பல் தேய்க்கும்போதெல்லாம் அந்த வரியைத்தானே சொல்லிப் பார்த்தீங்க?"

"அதுக்காக அப்படி ஒரு புளுகா?"

"அவங்க சிரிச்ச சிரிப்புல உங்க மானமே போயிடும் போல இருந்துச்சு. கேட்டுக்கிட்டுச் சும்மா இருக்க முடியல."

தலைவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இப்ப அந்த மனுஷனைத் தேடிப் பிடிச்சுக் கூட்டிட்டு வரச் சொல்றார் முதலாளி. நான் எங்க போவேன்?"

அவள் குக்கரை அலசிக் கவிழ்த்தாள். குரலில் கோபம் துளியும் இல்லை.

"தேடுங்க. கிடைச்சா முதல்ல இங்க கூட்டிட்டு வாங்க. நானும் ஒரு தடவை பார்க்கணும்."