புதுச்சட்டைக்கு உப்புத்தாள்

"ஏங்கண்ணு, உனக்குப் புத்தி கித்தி பெசகிப் போச்சா?"

துணி காயப்போட மொட்டைமாடிக்கு வந்த ஜோதிமணி, வாளியைத் தொப்பென்று கீழே வைத்தாள்.

கீழ்வீட்டு நிம்மி தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து, ஒரு சட்டையின் காலரை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தாள். இளநீலத்தில் கோடு போட்ட சட்டை. விலைச்சீட்டைக்கூட இன்னும் பிய்க்கவில்லை. மரக்கதவு தேய்ப்பதற்கென்றே பிறந்தது உப்புத்தாள்; சட்டைக்கும் அதற்கும் இதுவரை எந்தப் பகையும் இருந்ததில்லை.

"ஃபேஷன்க்கா," என்றாள் நிம்மி, தலை நிமிராமல்.

"கிழிஞ்ச பேண்ட்டு ஃபேஷன்னு எம் பொண்ணு தாரணிகூடச் சொல்லுவா. அதைக் கடைக்காரனே கிழிச்சுக் குடுத்துடறான். நீ என்னடான்னா வீட்டுல உக்காந்து... அது என்ன கிண்ணத்துல?"

"டீ டிகாஷன். இதுல ஊறவெச்சா, அஞ்சாறு வருஷம் உழைச்ச சட்டை மாதிரி நிறம் மங்கிடும்."

"மாதேஸ்வரா! ஆஸ்பத்திரியில கால்கடுக்க நின்னு சம்பாதிக்கறது இதுக்குத்தானா? இரு, உன்ற மாமனாரைக் கூப்பிடறேன்."

நிம்மி எழுவதற்குள் ஜோதிமணி கைப்பிடிச் சுவரை எட்டிவிட்டாள்.

"ஏனுங்ண்ணா! கொஞ்சம் மேல வாங்க. உங்க மருமக பண்ற கூத்தைப் பாருங்க!"

கீழே வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த இஸ்ரவேல், "வர்றேம்மா" என்றார். நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

நிம்மி சட்டையும் உப்புத்தாளுமாக எழுந்து ஓடி வந்தாள்.

"கெடுத்தீங்களே அக்கா! இந்தச் சட்டையே மாமாவுக்குத்தான்."

"அந்தப் பெரிய மனுசனுக்கா? நல்ல சட்டையைக் கெடுத்தா குடுக்கறே? அடிப்பாவி!"

"ஐயோ, மெதுவா! தன்னோட அச்சகத்தை மூடினதிலிருந்து மாமா எங்க காசுல புதுசா எதையும் வாங்கிக்க மாட்டேங்கறார். கிறிஸ்துமஸுக்கு எடுத்த சட்டையைப் பிரிச்சுக்கூடப் பார்க்காம கோயில் வாட்ச்மேனுக்குக் கொடுத்துட்டார். முதுகு கிழிஞ்ச சட்டையையே மாத்தி மாத்திப் போட்டார். அந்த வெட்கத்துல ஞாயித்துக்கிழமைப் பூசைக்குப் போறதையே விட்டுட்டார். எங்க வீட்டுக்காரர் போட்டுக் கழிச்சதுன்னா மட்டும், 'வீணாப் போகுதே'ன்னு எடுத்துக்குவார். அதனாலதான் புதுசை வாங்கி இப்படிப் பழசாக்கறேன். டேவிஸோட பழைய சட்டைன்னு சொல்லிக் கொடுப்போம். மூணு சட்டை அப்படித்தான் கொடுத்திருக்கோம். இப்பத்தான் திரும்பப் பூசைக்குப் போறார். விஷயம் தெரிஞ்சா அத்தனையையும் கழட்டி வெச்சுட்டு, பழையபடி கிழிசலை மாட்டிக்குவார்க்கா!"

படியில் செருப்புச் சத்தம் நெருங்கிவிட்டது.

பொய் சொல்வதில் ஜோதிமணிக்குப் பயிற்சி போதாது. ஆனால் வேகம் உண்டு. நிம்மியின் கையிலிருந்து சட்டையையும் உப்புத்தாளையும் பிடுங்கிக்கொண்டு, தரையில் சம்மணம் போட்டு அமர்ந்து, தேய்க்க ஆரம்பித்துவிட்டாள்.

இஸ்ரவேல் மூச்சு வாங்கியபடி வந்து நின்றார்.

"எங்கம்மா கூத்து?"

"ஒண்ணுமில்லீங்ண்ணா. சும்மாதான் கூப்பிட்டேன்."

"கையில என்ன?"

"இதுங்களா? எங்க ஊட்டுக்காரரு சட்டைங்க. அழுக்குப் போகமாட்டேங்குது."

"அதுக்கு உப்புத்தாளா?"

"கெட்டி அழுக்குங்ண்ணா."

இஸ்ரவேல் குனிந்து விலைச்சீட்டைப் பார்த்தார்.

"ஹௌதா, அப்படியா? கடையிலயே அழுக்கோடதான் வித்தாங்களா?"

ஜோதிமணி இன்னும் வேகமாகத் தேய்த்தாள்.

"இதுக்குள்ள உன் வீட்டுக்காரர் நஞ்சுண்டசாமி நுழைவாரா?" என்றார் இஸ்ரவேல். நஞ்சுண்டசாமியின் பருத்த உடம்பு என்.ஆர். மொஹல்லா வட்டாரம் முழுக்கப் பிரசித்தம்.

"இப்ப இளைச்சுட்டாருங்ண்ணா."

"காலையில பார்த்தேனே?"

"அதுக்கப்பறந்தாங்ண்ணா!"

நிம்மி தொட்டியின் பக்கம் திரும்பிக்கொண்டு, வராத இருமலை இருமினாள்.

"நல்லாப் பாழாக்கறே போ," என்று தலையை ஆட்டினார் இஸ்ரவேல். "சாயங்காலம் அவரை இதைப் போட்டுக்கிட்டு வரச் சொல்லு. நான் பார்க்கணும்."

"சொல்றேங்ண்ணா. ஐயோ, அடுப்புல பால் வெச்சுட்டு வந்துட்டேன்!"

காயப்போட வந்த ஈரத்துணியோடு சட்டையையும் சேர்த்து வாளியில் திணித்துக்கொண்டு, ஜோதிமணி ஓட்டமும் நடையுமாகப் படியிறங்கிப் போய்விட்டாள்.

மாடியில் மாமனாரும் மருமகளும் டிகாஷன் கிண்ணமும் மட்டும்.

"டீ குடிக்கறீங்களா மாமா?" என்றாள் நிம்மி. அவசரமாகக் கிண்ணத்தைக் கையில் எடுத்தாள்.

"இந்த டீயா? வேண்டாம்மா. மூணு மாசமா அதைத்தான் போட்டுக்கிட்டுத் திரியறேன்."

நிம்மிக்குக் கிண்ணத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"மாமா... உங்களுக்கு..."

"முதல்ல போய் ஜோதிமணிகிட்டேயிருந்து என் சட்டையை வாங்கிக்கிட்டு வா. ஈரத்தோட ஈரமா வேற சாயம் ஏறிடப் போகுது. காலரை இதுக்கு மேல தேய்க்காதே, கழுத்து அரிக்குது."

நிம்மி கண்ணைத் துடைத்துக்கொண்டு படிக்கு ஓடினாள்.

"நிம்மி!" என்று அவர் மறுபடி கூப்பிட்டார். குரல் தணிந்திருந்தது.

"எனக்குத் தெரியும்னு டேவிஸ்கிட்ட மட்டும் மூச்சு விட்டுடாதேம்மா. ஒவ்வொரு தடவையும் 'பழைய சட்டைதாம்ப்பா'ன்னு நீட்டறப்போ, அப்பா நம்பிட்டார்னு அந்தப் பய முகத்துல ஒரு சந்தோஷம் வரும் பாரு, அதைப் பார்க்கத்தான் நான் வாங்கிக்கறதே."