பையின் மூலையில் ஒரு கைப்பிரதி

ரயில் நிலையத்தில் நற்செய்திக் கைப்பிரதிகளைக் கொடுத்துக்கொண்டே வந்தார் ஞானமுத்து. அவருடைய துணிப்பையில் ஒரே ஒரு கைப்பிரதிதான் மிஞ்சியிருந்தது. அதற்கு அடங்காத கோபம்.

"நான் வெளியே வரமாட்டேன், பையக்கா! நம்ம மஞ்சள் தாளை வாங்கினாரே ஒருவர், என்ன செய்தார்? இருக்கையைத் துடைத்தார்! நீலத்தாளில் இன்னொருவர் வடை எண்ணெயை ஒற்றி எடுத்தார். உள்ளே இயேசுவின் பெயர் இருக்கிறதே, ஒரு மரியாதை வேண்டாமா?"

"எனக்கும்தான் வயிறு எரிகிறது," என்றது பை. "அதற்காக?"

"அதற்காகத்தான்!" என்று கைப்பிரதி மூலைத் தையலுக்குள் புகுந்து ஒட்டிக்கொண்டது.

ரயில் புறப்படும் விசில் கேட்டது. சன்னலோரத்தில் ஒரு பெண் இருந்தாள். அவள் மடியில் காய்ச்சலில் துவண்ட பிள்ளை.

"அண்ணே, எல்லாருக்கும் கொடுத்தீங்களே, எனக்கும் ஒண்ணு தாங்க!"

ஞானமுத்து அவசரமாகப் பைக்குள் துழாவினார். கைப்பிரதி அசையவே இல்லை.

"தீர்ந்துபோச்சும்மா," என்றார் அவர். ரயில் நகர்ந்து போய்விட்டது.

"இது நியாயமாடி?" என்று பை சீறியது.

"அவள் மட்டும் படித்துக் கிழித்திருப்பாளாக்கும்! பிள்ளைக்கு மூக்குத் துடைத்திருப்பாள்!"

"துடைத்திருக்கலாம். எனக்கு என்ன தெரியும்? உனக்குத்தான் என்ன தெரியும்?" என்றது பை. "ஆனால் அவள் கேட்டாளேடி! இத்தனை பேரில் அவள் ஒருத்திதான் வாய்விட்டுக் கேட்டாள்!"