கறுத்த இழை சொன்னது

துரோகம் செய்தது சூட்டை அளக்கும் பெட்டிதான். அணு உலைக்குள் இரண்டு வருடமாக வெந்து கிடந்த கண்ணாடி இழை அதை மறக்கவே இல்லை.

பெட்டி அனுப்பும் வெளிச்சத்தை உள்ளே கொண்டுபோய்த் திருப்பி அனுப்புவது இழையின் வேலை. திரும்பும் வெளிச்சம் மங்கினால் உலை குளிர்கிறது என்பது, சுவருக்கு வெளியே சொகுசாக உட்கார்ந்திருந்த பெட்டியின் கணக்கு. ஆனால் கதிர்வீச்சு பட்டுப் பட்டு இழையின் உடம்பே கறுத்து, வெளிச்சத்தை விழுங்கிக்கொண்டிருந்தது.

“பெரியவரே, உலை குளிர்ந்துவிட்டது. சூட்டை ஏற்றச் சொல்லப்போகிறேன்” என்றது பெட்டி.

“வேண்டாம் தம்பி. இங்கே கொதிக்கிறது. இன்னும் ஏற்றினால் உலையோடு நானும் உருகிவிடுவேன். வெளிச்சம் எனக்குள்தான் எங்கோ தொலைகிறது போல.”

“போல என்று ஒரு பேச்சா? உமக்குக் கொதிப்பது கோபமாக இருக்கும்.”

இழை குழம்பியது. கோபமும் இருந்தது உண்மைதான். சூடு எது, கோபம் எது என்று அதற்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

பெட்டியை நம்பி ஆட்கள் சூட்டை ஏற்றினார்கள். அந்தச் சூட்டிலேயே இழையின் கறுப்பு வெளுத்து, வெளிச்சம் முழுதாகத் திரும்பியது. உலை அளவுக்கு மீறிக் கொதிக்கிறது என்று பெட்டி அலறியது. ஆட்கள் ஓடிவந்து உலையை அணைத்தார்கள்.

“நல்லவேளை, பெட்டி காப்பாற்றியது” என்று அதைத் துடைத்து வைத்தார்கள்.

“நான் அப்போதே சொன்னேனே தம்பி?”

“எப்போது சொன்னீர்? வெளிச்சம் இப்போதுதானே வந்தது.”

சொன்னோமா, நினைத்ததோடு விட்டோமா என்று இழைக்கே சந்தேகம் வந்துவிட்டது. “ஆமாம் பெரியவரே” என்ற ஒரு சொல்லைப் பெட்டி இன்றுவரை தரவில்லை. இழை மறுபடியும் கறுத்துக்கொண்டிருக்கிறது.