பெயர் வராத முகங்கள்

மெல்போர்னில் இறங்கியதும் என் கண்ணாடி ஊமையாகிவிட்டது. கரூரில் யார் எதிரே வந்தாலும் அவர் தலைக்கு மேல் பெயரைக் காட்டிவிடும். இங்கே பெயரே இல்லை, வெறும் முகங்கள்தான். வெளிநாட்டு டேட்டா பேக் போடச் சொல்லி, இங்கே இருக்கும் என் மகள் இளவேனில் தினமும் போனில் நச்சரித்தாள். ஏர்போர்ட் வைஃபை போதும் என்று நான்தான் விட்டுவிட்டேன். அந்த வைஃபையோ உள்ளூர் போன் நம்பர் கேட்டது.

வெளியே காத்திருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தேன். நம்மூர்ச் சாயலில் இருந்த ஒரு பெண்ணைப் பார்த்துச் சிரித்தேன். அவள் முறைத்துவிட்டு நகர்ந்தாள். பெட்டி வண்டியை அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் தள்ளிக்கொண்டே இருந்தேன். திடீரென்று ஒருத்தி ஓடிவந்து கையைப் பிடித்தாள். உதறிவிட்டேன்.

"யாரும்மா நீங்க?"

"என்னப்பா, இளவேனில்ப்பா. பெத்த பொண்ணையே தெரியலயா?"

குரல் அவளுடையதுதான். முகத்தைப் பற்றி என்னால் சத்தியம் செய்ய முடியவில்லை.

"பேக் போடல, அதான்."

"அதுக்காக? டேட்டா இல்லன்னா நான் யாரோவா?" அவள் கண் கலங்கிவிட்டது.

எனக்குக் கோபம் வந்தது. "நீ எப்படிக் கண்டுபுடிச்ச? உன் கண்ணாடியக் கழட்டிட்டு என்னைப் பாரு."

வெடுக்கென்று கழற்றினாள்.

என்னைப் பார்த்தாள். பக்கத்தில் வண்டியோடு நின்ற இன்னொரு நரைமீசைக்காரரைப் பார்த்தாள். மறுபடியும் என்னைப் பார்த்தாள். பிறகு அவசரமாகக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "வாங்கப்பா, போலாம்" என்றாள்.