கழிமுகத்தில் ஒற்றைக்கால்

பொந்தியான் கழிமுகத்துச் சேற்றில் மத்தியான வெயில் எண்ணெய் தடவியதுபோல் மினுங்குகிறது. கணுக்கால் அளவுத் தண்ணீரில், தோளில் ஈரவலை கனக்க, ஒற்றைக் காலில் நிற்கிறார் சின்னத்தம்பி. தூக்கிப் பிடித்திருக்கும் காலில் காலையில் சிப்பி கீறிய காயம். இந்தக் கோலத்துக்குக் காரணம், கரையில் ஆய்வுக்கூடத்துக்காகப் புட்டியில் சேறு அள்ளிக்கொண்டிருக்கும் ரூபினி சொன்னதுதான்.

"உப்பும் நல்லதண்ணியும் கலக்குற இடத்துலதான் அங்கிள் கெட்ட கிருமி குடியிருக்கும். தண்ணியில, சேத்துல, சிப்பியில எல்லாம் இருக்கும். புண்ணு வழியா ஏறிடும். சுகர் இருக்கறவங்களுக்குக் காலே போயிடும்."

அவருக்குச் சுகர் வந்து பதினைந்து வருடமாகிறது.

"அலமாக்! இப்ப என்னம்மா பண்றது?"

"கரைக்கு வந்துடுங்க லா."

கரை இருபது தப்படி தள்ளி இருக்கிறது, அத்தனையும் சேறு. பக்கத்தில் நிற்கும் கொக்கு நிதானமாகக் கால் மாற்றிக்கொள்கிறது. அவருக்கு அந்த வசதி இல்லை.