பச்சை நுரை

பீர் காய்ச்சும் அறைக்குள் நுழைந்ததும் அவள் நெற்றியில் ஒரு சொட்டு விழுந்தது.

பச்சை.

அண்ணாந்து பார்த்தாள். கூரை முழுக்கப் பச்சைச் சேறு. பீர்த் தொட்டியின் மேல்வாய் திறந்து கிடந்தது. நுரை இன்னும் பொங்கிக்கொண்டிருந்தது.

ஏணி உச்சியில் லூர்துநாதன். கடை முதலாளி. கையில் காலிப் பை. மீசையில் நுரை.

கடையில் பீர் காய்ச்சுவது அவள்தான். சாப்பிடப் போகும்போது அவரிடம் படித்துப் படித்துச் சொல்லிவிட்டுத்தான் போனாள்.

பீருக்கு மணம் தரும் பூ, ஹாப்ஸ். பொடித்துக் குருணையாக வரும். இந்த முறை அவருக்கு மூன்று மடங்கு வேண்டும். கடற்கரைச் சாலைவரை மணக்க வேண்டும். சரி என்றாள். ஆனால் முதலில் தொட்டிக்குள் அடைந்திருக்கும் கேஸை வெளியே விடவேண்டும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் போடவேண்டும். மொத்தமாகக் கொட்டினால் சோடாவில் உப்பைப் போட்ட கதைதான்.

"எனக்குத் தெரியாதாம்மா?" என்றிருந்தார்.

இப்போது ஏணியிலிருந்தே மூக்கை உறிஞ்சினார்.

"வாசனை எப்படித் தூக்குது பாத்தியா?"

அவள் வாளியை எடுத்தாள். வாயைத் திறந்தால் வேலையை விட்டுவிடுவாள்.

துடைத்தாள். கழுவினாள். பாதித் தொட்டி தரையோடு போயிருந்தது.

மிச்சத்தை வடிக்கப் பார்த்தாள். குழாய் அடைத்துக்கொண்டது. ஊறிப் பருத்த ஹாப்ஸ், சாணி மாதிரி. கேஸை எதிர்ப்பக்கமாக அடித்து அடைப்பைத் திறந்தாள். மறுபடி அடைத்தது.

மறுநாளும்.

அதற்கு மறுநாளும்.

அவர் தினமும் எட்டிப் பார்த்தார். "ஆச்சாம்மா?"

வார இறுதியில் ஒருவழியாக ஒரு கிளாஸ் தெளிவாக வந்தது. வெறுப்போடு வாயில் வைத்தாள்.

நின்றாள்.

முதலில் கிச்சிலிப் பழத் தோல். பின்னால் செங்காயான மாங்காய். கசப்பு கடைசியில் வந்தது, உறுத்தாமல் போனது.

இத்தனை வருடம் அளந்து, நிறுத்து, பார்த்துப் பார்த்துக் காய்ச்சியதில் இப்படி ஒன்று அவளுக்கு வந்ததே இல்லை.

இன்னொரு வாய் குடித்தாள்.

பின்னால் செருப்புச் சத்தம். லூர்துநாதன். சர்க்கரை வந்ததிலிருந்து அவர் ஒரு சொட்டும் தொடுவதில்லை. தோளில் புதிதாக ஒரு ஹாப்ஸ் பை. முழுப் பை.

"எப்படிம்மா இருக்கு?"

அவள் முகத்தைச் சுளித்தாள்.

கிளாஸை மட்டும் கீழே வைக்கவில்லை.